பெண்ணின் சொத்துக்குப் பிறந்த வீடும் வாரிசு: சமயபுரத்திலிருந்து ஓர் அறைகூவல்

ஓர் இந்துப் பெண், கணவரும் குழந்தையும் இல்லாத நிலையில் உயில் எழுதாமல் இறந்துபோனால், அவள் உழைத்துச் சேர்த்த வீடும் நகையும் வங்கிப் பணமும் அவளைப் பெற்ற தாய்க்குப் போகாது. மாமியார் உயிரோடு இருந்தால் மாமியாருக்குப் போகும். இல்லையென்றால் மாமனாருக்கு, அவரும் இல்லையென்றால் கொழுந்தன், நாத்தனாருக்கு, அவர்களும் இல்லையென்றால் அவர்கள் பிள்ளைகளுக்கு என்று கணவர் வழியிலேயே இறங்கிக்கொண்டு போகும். அந்த வழியில் எவருமே இல்லை என்று ஆன பிறகுதான் பெற்ற தாய், தகப்பன் முறை வரும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவு. சட்டம் வந்து எழுபது ஆண்டாகிறது. இந்தப் பிரிவைத் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்த முடியும். திருத்த வைக்கும் வேலையை நாம் இப்போதே, இந்தப் பூச்சொரிதல் திருவிழாக் கூட்டத்திலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆணுக்கு என்ன சட்டம் என்று பாருங்கள். அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு. ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மகன், மகள், மனைவி, தாய் நால்வரும் முதல் வரிசை வாரிசுகள். அவர்கள் இல்லையென்றால் அவருடைய தகப்பன், பிறகு உடன்பிறந்தவர்கள், பிறகு பெரியப்பா சித்தப்பா, மாமா என்று போகிறது. அந்த நீண்ட பட்டியலில் மனைவியின் அண்ணனுக்கு இடமில்லை. மனைவியின் தாய்க்கும் இடமில்லை. ஆணின் சொத்து ஆணின் இரத்தத்துக்கே போகும். பெண்ணின் சொத்தும் அவள் கணவரின் இரத்தத்துக்கே போகும். ஒரே சட்டத்துக்குள் இரண்டு நியாயம். கல்யாணத்தோடு பெண் தன் பிறந்த வீட்டுக்கு அந்நியமாகிவிடுகிறாள் என்ற பழைய எண்ணத்தைச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் அந்த எண்ணம் செல்லாது. சமயபுரத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஆத்தா மாரியம்மன் புறப்பட்டு வடகாவேரிக்குப் போகிறாள். நாம் கொள்ளிடம் என்கிற அந்த ஆற்றங்கரைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ரெங்கநாதர் சீர் அனுப்புகிறார். பட்டுப்புடவை, மாலை, மங்கலப் பொருள்கள் எல்லாம் மேளதாளத்தோடு வருகின்றன. அண்ணன் தங்கைக்குச் செய்யும் சீர் அது. தங்கை ஒரு கரையில் இருக்கிறாள், அண்ணன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அதனால் உறவு அறுந்துவிடவில்லை. எத்தனை தலைமுறையாக அந்த மணலில் நின்று நம் பெண்கள் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! தன் அண்ணன் கொண்டுவரும் பொங்கல் சீரை நினைத்துக்கொள்ளாத பெண் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டாள்.

இப்போது அந்தச் சீரைச் சட்டத்தின் முன் வையுங்கள். அண்ணன் தங்கைக்குப் போட்ட பத்துப் பவுன், தகப்பன் மகள் பேருக்கு எழுதிவைத்த மனை, தாய் தன் காதிலிருந்து கழற்றிக் கொடுத்த தோடு. அந்தத் தங்கை குழந்தையில்லாமல், கணவருக்குப் பின் உயில் எழுதாமல் இறந்தால் இவை அத்தனையும் கணவர் வீட்டாருக்குப் போகின்றன. கொடுத்த அண்ணன் கேட்க முடியாது. கல்யாணமான ஏழாண்டுக்குள் ஒரு பெண் இயற்கையல்லாத சாவு செத்து, குழந்தையும் இல்லையென்றால், அவளுக்குத் தந்த சீதனம் பெற்றோருக்குத் திரும்ப வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டம் சொல்கிறது. அதாவது அவளை எரித்தாலோ அவள் தூக்கில் தொங்கினாலோதான் சீர் பிறந்த வீட்டுக்குத் திரும்பும். காய்ச்சலில் செத்தால் திரும்பாது. இதைப் படிக்கும்போது வயிறு எரியவில்லையா?

இங்கே நுணுக்கமான ஓர் இடம் இருக்கிறது. பத்திர எழுத்தர்கள்கூடப் பலர் இதைச் சொல்வதில்லை. 15-ஆம் பிரிவுக்குள் ஒரு விலக்கு உண்டு: தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால், குழந்தை இல்லாத நிலையில் அது தகப்பன் வழி வாரிசுகளுக்குத் திரும்பும். இதைக் காட்டித்தான் பலர் நம் வாயை அடைக்கிறார்கள். ஆனால் வாரிசாக என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் கொள்ளும் பொருள், பெற்றவர் உயில் எழுதாமல் இறந்து, அதன் மூலம் மகளுக்கு வந்த பங்கு என்பதுதான். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தது அதில் சேராது. விலைக்கு வாங்கிக் கொடுத்ததும் சேராது. மகள் மீது பாசம் மிகுந்த தகப்பன், பின்னால் பையன்கள் தகராறு செய்யக் கூடாதே என்று ஓடிப்போய் செட்டில்மெண்ட் எழுதுகிறார். அப்படி முன்யோசனையோடு கொடுத்த சொத்துதான் அவர் வீட்டுக்குத் திரும்பாமல் போகிறது. ஒன்றும் எழுதாமல் செத்தவரின் சொத்து திரும்புகிறது!

சரி, பெற்றவர் கொடுத்ததை விடுவோம். அவளே சம்பாதித்தது?

நம் கடைத்தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். கோயிலுக்குப் போகிற வழியில் உப்பு, மிளகு, உருவாரம், அகல் விளக்கு விற்றுக்கொண்டிருந்த பெண். கல்யாணமான நாலாம் வருஷம் கணவர் லாரி விபத்தில் போய்விட்டார். குழந்தை இல்லை. புகுந்த வீட்டில் ராசி கெட்டவள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தாய் வீட்டுக்கு வந்து, தாயோடு சேர்ந்து தட்டுக்கடை போட்டாள். ஞாயிறு, செவ்வாய் விடிகாலை மூன்று மணிக்கே பக்தர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன் கடை விரித்துவிடுவாள். மகளிர் குழுவில் கடன் வாங்கி அடைத்து, மறுபடி வாங்கி, கடைசியில் ஒண்ணரை சென்ட் இடத்தில் ஓடு போட்ட வீடு ஒன்றைத் தன் பேரில் கிரயம் பண்ணினாள். சிறுநீரகம் கெட்டு ஒரு வருஷம் படுத்தாள். மலம் அள்ளியது தாய். டயாலிசிஸுக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனதும் தாய்தான். அவள் செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அதுவரை எட்டிப் பார்க்காத கொழுந்தன் ஒரு வக்கீலோடு வந்தார். தாய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். வங்கிப் பாஸ்புத்தகம், குழுக் கடன் அட்டை, வீட்டுவரி ரசீதுகள், நகை அடகுச் சீட்டு ஒன்று, ஆஸ்பத்திரிச் சீட்டுகள். அத்தனையிலும் மகள் பேர்தான் இருந்தது. அந்தப் பையில் இருந்த ஒரு காகிதம்கூடத் தாயைக் காப்பாற்றவில்லை. வக்கீல் ஒன்றும் அநியாயமாகப் பேசவில்லை. சட்டத்தில் உள்ளதைச் சொன்னார்.

இது இந்த ஊரில் மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு: ஓம் பிரகாஷ் எதிர் ராதா சரண், 2009. 1955-இல் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று. மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். உடனே அவளைப் புகுந்த வீட்டார் வெளியேற்றினார்கள். பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனாள், சம்பாதித்தாள். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தாள். தாய் சென்று கேட்டார். கணவரின் அக்காள் தங்கை பிள்ளைகளும் வந்து கேட்டார்கள். நாற்பது ஆண்டு அவளைத் திரும்பிப் பாராத குடும்பத்துக்கே உச்ச நீதிமன்றம் சொத்தைக் கொடுத்தது. இரக்கத்தை வைத்துச் சட்டத்தை வளைக்க முடியாது, சட்டத்தில் எழுதியிருப்பது இதுதான் என்றது. அதற்கு ஓராண்டு முன்பே, 2008-இல், மத்தியச் சட்ட ஆணையம் தன் 207-ஆவது அறிக்கையில் 15-ஆம் பிரிவைத் திருத்தச் சொல்லியிருந்தது. பெண் தானே சம்பாதித்த சொத்துக் கணவர் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் சேர்ந்து போகட்டும் என்பது அதன் யோசனை. நாடாளுமன்றம் இன்றுவரை கை வைக்கவில்லை.

தோழர்களே, டெல்லி அசைய வேண்டும் என்று நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்? வாரிசுரிமையும் உயிலும் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில், 5-ஆம் இனத்தில் இருக்கின்றன. மாநிலம் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்க வேண்டும். இதைச் செய்யத் தமிழ்நாட்டுக்குத் தெரியாதா? இரண்டு முறை செய்து காட்டியிருக்கிறது. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்து, ஐயரும் அக்கினியும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட உரிமை தந்தது. 1989-இல் கலைஞர் ஆட்சியில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தையே திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் வரும் பங்கு உண்டு என்றது. அது 1990-ஆம் ஆண்டின் 1-ஆம் சட்டமாக வந்தது.

அந்த 1989 சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப் போல் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அப்போது விதவைக்குக்கூட உருப்படியான பங்கு கிடையாது. அறுபது ஆண்டு அந்தத் தீர்மானத்தைத் தோளில் சுமந்து வந்தவர்கள் பல பேர். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை முடக்கினார்கள் என்று 1951-இல் அமைச்சர் பதவியைத் தூக்கியெறிந்த அம்பேத்கர் அவர்களில் ஒருவர். நம் பாட்டிமார் காலத்தில் கேட்டது நம் அம்மாமார் காலத்தில் கிடைத்தது.

அப்போதும் குறை இருந்தது. 25.3.1989-க்கு முன் கல்யாணமான மகளுக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் பங்கு தரவில்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்று ஆயிற்று. அதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன அக்கா தங்கைகளை மண்ணச்சநல்லூர், லால்குடி பக்கம் இன்றும் பார்க்கலாம். 9.9.2005-இல் மத்தியத் திருத்தம் வந்து அந்தக் கோட்டை அழித்தது; கல்யாணமான மகள், ஆகாத மகள் என்ற பேதம் போயிற்று. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பமும் 2020 ஆகஸ்டில் வினீதா ஷர்மா வழக்கின் தீர்ப்போடு தீர்ந்தது. முதலில் ஆந்திரா, பிறகு நாம், பிறகு கர்நாடகம், மகாராஷ்டிரா என்று மாநிலங்கள் தனித்தனியாகத் திருத்தித் திருத்தித்தான் கடைசியில் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது. மாநிலம் முந்தினால் மத்திய அரசு பின்னால் வரும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? 15-ஆம் பிரிவிலும் நாம்தான் முந்த வேண்டும்.

தோழர்கள் சிலர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்: ஒரே மாதிரிச் சட்டம் என்று பேசினால் பொது சிவில் சட்டம் கேட்பவர்களோடு நம்மையும் சேர்த்துவிடுவார்களே? தயக்கத்தை விடுங்கள். உத்தராகண்ட் 2024-இல் பொது சிவில் சட்டம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 27 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. சேர்ந்து வாழும் இளம் ஜோடிகள் அரசாங்கத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்கிற அதன் பகுதியை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆனால் செத்தது ஆணா பெண்ணா என்று பாராமல் ஒரே வாரிசுப் பட்டியல் வைத்திருக்கிறதே, அந்த இடம் நியாயம். நியாயம் யார் கையில் இருந்தாலும் அதை நம் கைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு உத்தராகண்டைப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. நம் பக்கத்து வீட்டைப் பார்த்தால் போதும். கிறிஸ்தவர்களுக்கு உள்ள 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதியைத்தான் வைத்திருக்கிறது. கணவரும் குழந்தையும் இல்லாத கிறிஸ்தவப் பெண் இறந்தால் சொத்து அவளுடைய தகப்பனுக்குப் போகும். தகப்பன் இல்லையென்றால் அவளுடைய தாயும் உடன்பிறந்தவர்களும் எடுத்துக்கொள்வார்கள். திருவிதாங்கூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களுக்கு அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. மேரி ராய் என்ற ஒரு பெண் தன் குடும்பத்தையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய் 1986-இல் வாங்கிக் கொடுத்தது. நம் கடைத்தெருவில் அடுத்தடுத்த கடை போட்டிருக்கும் இரண்டு பெண்கள், ஒருத்தி மாரியம்மனைக் கும்பிடுகிறாள், ஒருத்தி மாதா கோயிலுக்குப் போகிறாள். ஒருத்தியின் தாய் தெருவுக்கு வருகிறாள், மற்றவளின் தாய்க்குக் கூரை மிஞ்சுகிறது. எந்தச் சாமி இதைக் கேட்டது?

நாம் என்ன கேட்கிறோம் என்பதில் தெளிவாக இருப்போம். சட்ட ஆணையம் சொன்னது போல் இரண்டு வீட்டுக்கும் சரிபாதி என்று நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள் நம்மில் சிலர். எனக்கு உடன்பாடில்லை. ஆணின் சொத்தில் மனைவி வீட்டாருக்குப் பாதி இல்லாதபோது, பெண்ணின் சொத்தில் மட்டும் கணவர் வீட்டாருக்கு ஏன் பாதி? ஆணுக்கு என்ன பட்டியலோ அதே பட்டியல் பெண்ணுக்கும். பிள்ளைகள், வாழ்க்கைத் துணை, தாய். அவர்களுக்குப் பின் அவளுடைய தகப்பன், அவளுடைய உடன்பிறந்தவர்கள். கணவர் வழியிலோ மாமனார் வழியிலோ அவளுக்கு வாரிசாக வந்த சொத்து அந்த வீட்டுக்கே திரும்பட்டும்; அதில் நமக்குச் சண்டை இல்லை. அவள் சம்பாதித்ததும், அவளுக்குப் பிறந்த வீட்டார் எந்த விதத்தில் கொடுத்ததும் அவள் வழியில் போகட்டும். கூடவே இன்னொன்று. இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்குப் பொருந்தாது என்று 2-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நம் மாவட்டத்துப் பச்சைமலையில் உள்ள மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு 1989-உம் இல்லை, 2005-உம் இல்லை. துறையூர்த் தோழர்கள் மலையேறிப் போய் அந்தப் பெண்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதை நம் மனுவில் சேர்க்க வேண்டும்.

அரசாங்கத்துக்கு இதில் பொறுப்பு அதிகம். பெண்கள் பேரில் சொத்து வாங்குங்கள் என்று அதுதான் நம்மைத் தூண்டுகிறது. 1.4.2025 முதல் பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை பெண்களின் கணக்கில் விழுகிறது. நல்லது, வரவேற்கிறோம். அந்தச் சலுகையை நம்பி ஒரு மனை வாங்கிய பெண்ணுக்கு, அவள் போன பிறகு அந்த மனை எங்கே போகும் என்றும் அரசாங்கம் சொல்ல வேண்டாமா? கோட்டையில் எந்தக் கட்சி உட்கார்ந்திருந்தாலும் நம் கேள்வி இதுதான்.

சட்டம் திருந்தும் வரை என்ன செய்வது? உயில் எழுத வேண்டும். இதை நான் மட்டும் சொல்லவில்லை. 15-ஆம் பிரிவை எதிர்த்து வந்த மனுவில் 2025 நவம்பரில் நீதிபதிகள் நாகரத்னா, மகாதேவன் அமர்வு, பிரிவு செல்லுமா செல்லாதா என்பதற்குள் போகாமல், பெண்கள் எல்லோரும், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பெற்றோர் உரிமை கேட்டு வந்தால் வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது. நீதிமன்றம் அந்தக் கதவைத் திறக்கவில்லை என்ற கோபம் எனக்கு உண்டு. ஆனால் சொன்ன யோசனை காதில் ஏற வேண்டிய யோசனை.

உயில் என்றால் நம் பெண்களுக்குப் பயம். சாவைக் கூப்பிடுவது மாதிரி என்கிறார்கள். கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது பயத்துக்குப் பதில் சொல்கிறேன். இந்துக்களின் உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் கட்டாயம் புரொபேட் என்ற உயில் சான்று வாங்க வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சென்னை, மும்பை, கொல்கத்தா என்ற அந்தப் பழைய எல்லைகளுக்குள் எழுதிய உயிலுக்கும் அங்கே உள்ள சொத்துக்கும்தான் இருந்தது. திருச்சியில் எழுதி, திருச்சியில் உள்ள சொத்துக்கு அது ஒருபோதும் கட்டாயமாக இருந்ததில்லை. இப்போது அதைக் கட்டாயமாக்கிய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையே நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கிவிட்டது. மயிலாப்பூரில் ஒரு சட்டம், மண்ணச்சநல்லூரில் ஒரு சட்டம் என்பது போய்விட்டது. நூறாண்டு பழைய ஒரு பிரிவை, அது ஊருக்கு ஊர், மதத்துக்கு மதம் பேதம் பார்க்கிறது என்று சொல்லி எடுக்க முடிந்தவர்களால், ஆணுக்கும் பெண்ணுக்கும் பேதம் பார்க்கும் பிரிவை எடுக்க முடியாதா? இந்தக் கேள்வியை மேடைதோறும் கேளுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். எனக்குப் பின் இன்ன சொத்து இன்னாருக்கு என்று தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அந்த இருவரும் அவள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பிற்பாடு பொய்க் கையெழுத்து என்று எவரும் கிளப்புவது கடினமாகும். சொத்துப் பெறப்போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். சாட்சிகள் வயதில் இளையவர்களாக இருக்கட்டும்; என்றைக்காவது வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். மனசு மாறினால் மறுபடி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும். வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே, அது போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. போதாது. நாமினி பணத்தை வங்கியிலிருந்து வாங்கிக்கொள்பவர். அந்தப் பணம் யாருடையது என்று தீர்மானிப்பது வாரிசுச் சட்டமும் உயிலும்தான்.

மாமியாரைத் தாயாக நினைத்துப் பார்த்துக்கொள்ளும் மருமகள்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் மாமியாருக்கே எழுதட்டும், நாத்தனார் மகளுக்கு எழுதட்டும். யாருக்கு என்பதை அவள் தீர்மானிக்கட்டும். ஆனால் உயில் எழுதத் தெரியாதவள், எழுத நேரமில்லாதவள், இருபத்தாறு வயதில் திடீரென்று போய்விட்டவள் ஆகியோரின் சொத்துக்காகத்தான் சட்டம் இருக்கிறது. படித்தவள் உயிலால் தப்பித்துக்கொள்வாள், படிக்காதவளின் தாய் தெருவில் நிற்பாள் என்றால் அது என்ன சட்டம்? அதனால்தான் உயில் முகாம் மட்டும் நடத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது என்கிறேன்.

ஆண் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். இதைப் பெண்கள் பிரச்சினை என்று பின்வரிசைக்குத் தள்ளாதீர்கள். நீங்கள் தங்கைக்குச் செய்த சீரைப் பற்றித்தான் பேசுகிறோம். நீங்கள் கடன் வாங்கிப் போட்ட நகையைப் பற்றித்தான். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: தங்கைக்குச் சீர் செய்தாயிற்று, பங்கு எதற்கு என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் நம் தோழர்கள் வீடுகளிலேயே இருக்கிறது. 2005-இல் வந்த உரிமையைத் தங்கையிடமிருந்து எழுதி வாங்கிவிட்டு, 15-ஆம் பிரிவைத் திருத்து என்று கோஷம் போட்டால் அந்தக் குரல் எடுபடாது. முதலில் அந்தப் பத்திரங்களை நிறுத்துங்கள்.

மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்றிலிருந்து இருபத்தெட்டு நாள் ஆத்தா பச்சைப் பட்டினி கிடக்கிறாள். தளிகை கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். மக்களுக்காகத் தெய்வமே விரதம் இருக்கும் ஊர் இது. அந்த நாட்களில் தஞ்சாவூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் நடந்தே வரும் பெண்களின் எண்ணிக்கை உங்களுக்குத் தெரியும். பூத்தட்டு ஏந்தி வருகிறவர்களிடம் அரசியல் பேச வேண்டாம். நீர்மோர்ப் பந்தலில் உட்கார்ந்து இளைப்பாறும்போது பேசுங்கள். உன் வீடு யார் பேரில் இருக்கிறது, உனக்குப் பின் அது யாருக்கு என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர்களே மீதியைப் பேசிவிடுவார்கள். சட்டமன்றத்துக்குப் போகும் மனுவில் கையெழுத்து வாங்குங்கள். இனாம்சமயபுரம், கூத்தூர்ப் பக்கத்துத் தோழர்கள் தத்தம் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். மார்ச் 22 தண்ணீர் நாள் சபை வருகிறது, அதைத் தவறவிட்டால் மே 1. பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் வார்டு உறுப்பினர்களை நேரில் பாருங்கள். திருச்சி நீதிமன்றத்து வக்கீல் தோழர்கள் திருத்த மசோதா வரைவைத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொள்ள வேண்டும்; 1989 சட்டத்தின் வாசகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அது பெரிய வேலையல்ல. தொகுதி எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவது போதாது. சட்டமன்றத்தில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவருவாரா மாட்டாரா என்று எழுத்தில் பதில் வாங்கி வாருங்கள்.

முதல் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தேரடியில். வரும் ஒவ்வொரு பெண்ணும் ஆதார் நகல், சொத்துப் பத்திரத்தின் அல்லது வீட்டுவரி ரசீதின் நகல், பாஸ்புத்தகத்தின் முதல் பக்க நகல் எடுத்து வரட்டும். சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு இளம் தோழர்களைக் கூட்டி வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நாங்கள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்போம். தட்டுக்கடைத் தோழியர் மதிய அலங்காரத்துக்குக் கூட்டம் சேருமுன் வியாபாரத்துக்குத் திரும்பிவிடலாம். அவர்கள் உயிலை முதலில் முடித்துக் கொடுப்போம்.